ஏழு முறை நின்ற கார்

என் மனைவி ஐம்பத்து நான்காம் வயதில் கார் ஓட்டக் கற்றாள். எனக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து சிக்னல்களை எண்ணுவேன். பிரேசர் டவுனிலிருந்து வைட்ஃபீல்டில் மகள் வீட்டுக்குப் பதினான்கு. மகளுக்குப் பிரசவத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. மருமகன் வெளிநாட்டில். வலி வந்தால் தானே வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாக இவள் மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்துக் கார் நடுரோட்டில் நிற்க ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் ஏழு முறை. கால் மணி நேரம் ஆறினால் கிளம்பிவிடும். ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள், இன்னொன்றில் பிளக்குகளை. ஏழாவது முறை மேம்பாலத்தின் மேல் நின்றது. பின்னால் ஹாரன்கள் விடாமல் அடித்தன. வீட்டுக்கு வந்ததும் சாவியை என்னிடம் கொடுத்தாள்.

"டாக்ஸிக்குச் சொல்லி வச்சுடுங்க. என்னை நம்பி அவ இருக்க வேணாம்."

அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் பக்கத்துத் தெரு மெக்கானிக்கை அழைத்துவந்தேன். நல்ல காலம், கார் வாசலிலேயே கிளம்ப மறுத்தது. அவர் பானெட்டைத் தூக்கி, உள்ளேயிருந்த கறுப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். இவளை உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, குனிந்து காதைக் கொடுத்தார்.

"டிக்குன்னு ஒரு சத்தம் வரணும் சார். இந்த ரிலே, சுவிட்சு மாதிரி, இது இழுத்தாத்தான் எஞ்சின் கம்ப்யூட்டருக்கே கரண்டு போவும்."

அந்த ரிலேயைப் பிடுங்கி, அதே அளவிலிருந்த ஹாரன் ரிலேயை அங்கே செருகினார். சத்தமில்லை. பிடுங்கியதை ஹாரன் இடத்தில் போட்டார். ஹாரன் கணீரென்று அடித்தது.

"ரிலே நல்லாத்தான் கீது. அது உக்கார்ற எடத்துலதான் தகராறு." டார்ச் அடித்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "யார் சார் இதுக்கெல்லாம் பொட்டு வச்சது?"

நான்தான். ஆயுதபூஜையன்று, பானெட்டுக்கும் நான்கு சக்கரங்களுக்கும் வைத்தது போதாதென்று, அந்தக் கறுப்புப் பெட்டியையும் திறந்து உள்ளேயிருந்த ஆறு ரிலேக்கும் சந்தனம் வைத்துப் பன்னீரும் தெளித்திருந்தேன். ஒன்று விட்டுப்போனால் அதற்கு மட்டும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். வழிந்தது உள்ளே இறங்கி, ரிலேயின் கால்கள் நுழையும் பித்தளைக் கவ்விகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

நான் பெட்டியின் மூடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"நான்தான் பாய் வச்சேன்" என்றாள் இவள்.

"பக்தி நல்லதுதான் மேடம். அடுத்த வருசம் மூடி மேல வைங்க. உள்ள இருக்கறவருக்கு ஸ்வல்ப கூச்சம்."

கவ்விகளைச் சுரண்டித் துடைத்து, இறுக்கி, ரிலேயைத் திரும்பச் செருகினார். டிக். எஞ்சின் பிடித்தது. நான் இருபது முறை அணைத்துக் கிளப்பச் சொன்னேன். பன்னிரண்டாவதில் மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"ஏன் உன் மேல போட்டுக்கிட்ட?" என்றேன்.

"உங்க மூஞ்சியப் பாக்க சகிக்கல. அவரு நாலு பேர்கிட்டச் சொல்லிச் சிரிப்பாரு. நீங்க ஒரு வாரம் தூங்க மாட்டீங்க. எனக்கென்ன, நானும் சேர்ந்து சிரிப்பேன்."

அவள் ஓட்டும் இருக்கையிலிருந்து இறங்கவே இல்லை.

"அவளுக்கு போன் போட்டு, அம்மா வர்றாங்கன்னு சொல்லுங்க."

"இன்னைக்கேவா? இன்னும் எட்டு முறை பாக்கி இருக்கே."

"அதைப் போற வழியில பாத்துக்கலாம். போய் கேட்டைத் திறங்க."