நின்றதும் நிறுத்தியதும்

என் மனைவி பெண்களுக்காக நடத்திய கராத்தே வகுப்பு, அவளுக்குப் பின் நான்கு மாதம்கூடத் தாங்காது என்று மரக்காணத்தில் பேசிக்கொண்டார்கள். 2005 ஐப்பசியில் அவள் இறந்தாள். அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அதன் பிறகு ஞாயிறு காலை ஆறு மணி வகுப்பை ஒரு வாரமும் விடாமல் நடத்தினேன் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

நடத்தினேன் என்பது மிகை. கல்லூரியில் முப்பது ஆண்டு இலக்கணம் கற்பித்த எனக்கு ஒரு குத்துகூட ஒழுங்காக விடத் தெரியாது. சொல்லிக்கொடுத்தவள் என் மனைவியின் மூத்த மாணவி; இரண்டு பிள்ளைகளின் தாய், உப்பளத்தில் வேலை. வகுப்பு நடந்த கிடங்கைத் திறப்பதும் வருகைப் பதிவேட்டை எழுதுவதும்தான் என் பங்கு.

மழைக்காலம் முழுவதும் பதினான்கு பேர் வந்தார்கள். மாசி பிறந்ததும் ஐந்து பேரானார்கள். ஒரு ஞாயிறு சொல்லிக்கொடுப்பவளும் வரவில்லை. வராத ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் ‘நின்றுவிட்டார்’ என்று சிவப்பு மையில் எழுதினேன்.

கிடங்கின் சொந்தக்காரர் அன்றே வந்தார். அரிசி ஆலை வைத்திருப்பவர்.

“அம்மா முகத்துக்காகத்தான் சார் எடம் குடுத்தேன். பொம்பளைங்க எல்லாம் நின்னுட்டாங்க. சாவியக் குடுத்துட்டு நிம்மதியா வீட்ல இருங்க. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த ஹூ, ஹா?”

“அடுத்த ஞாயிறு பத்துப் பேர் இல்லையென்றால் சாவியை நானே கொண்டுவந்து தருகிறேன்” என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பெரிதும் உதவியது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு உப்பளத்துக்குப் போனேன். வகுப்புப் பெண்கள் பலருக்கும் அங்கேதான் வேலை; அது முடியும் தறுவாயில் இருந்தது. சொல்லிக்கொடுப்பவள் கூடையை இறக்கிவைத்தாள்.

“ஏம்மா நின்றுவிட்டாய்?”

“யாரு சார் நின்னது? நீங்கதான் நிறுத்திட்டீங்க.”

“நானா?”

“உப்பு எடுக்க ஆரம்பிச்சா மூணு மணிக்கெல்லாம் பாத்தியில இருப்போம். ஆறு மணிக்கு எப்படி வர்றது? மாசி பொறந்தா அம்மா கிளாஸ சாயங்காலத்துக்கு மாத்திடுவாங்க. நீங்க நோட்டப் பாத்துக்கினு ஒக்காந்துட்டீங்க.”

பக்கத்திலிருந்தவள், “சாரு வாத்தியாராச்சே. பெல் அடிச்சா அடிச்சதுதான்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

“முன்பே சொல்லியிருக்கலாமே?”

“துக்க வீட்ல வந்து டைமை மாத்துங்கன்னு எப்படி சார் சொல்றது?”

நிற்பது தன்வினை; நிறுத்துவது பிறவினை. அந்த வேறுபாட்டை எத்தனையோ பேருக்கு விளக்கிய நான் தவறான வினையை எழுதியிருந்தேன். என் மனைவி வகுப்புக்குக் கிளம்பிய அத்தனை ஞாயிறுகளிலும் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எத்தனை மணிக்கு வகுப்பு என்று ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பதினொரு பேர் வந்தார்கள். ஆலைக்காரர் வாசலில் நின்று, விரல் நீட்டி எண்ணினார்.

உள்ளிருந்து சொல்லிக்கொடுப்பவள் குரல் கொடுத்தாள்: “ஜோடி சேர ஒரு ஆள் குறையுதுங்க. உள்ள வர்றீங்களா? மெதுவாத்தான் ஒதைப்போம்.”

அவர் பின்வாங்கினார். “மழை வரைக்கும் பாக்கறேன் சார்” என்றார்.

“பாருங்கள்” என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, பதினோராவது பெண்ணுக்கு எதிரே போய் நின்றேன்.