கழற்ற முடியாத வளையல்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தோன்றியதில்லை. பல்செட்டக்கா என்றால்தான் தெரியும். பல் மருத்துவரின் கிளினிக்குக்குப் பின்பக்கம், ஒற்றை ஜன்னல் வைத்த அறையில் உட்கார்ந்து, பாதி வாழ்க்கையைப் பொய்ப்பல் செய்தே கழித்தவள். முன்னறையில் மருத்துவர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். இவள் அதில் பிளாஸ்டர் அச்சு வார்த்து, மெழுகில் பல்லைப் பதித்து, பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் ஈறு நிறத்துப் பிளாஸ்டிக்கை அடைத்து வேகவைத்து, ராவி, மெருகேற்றிக் கொடுப்பாள். செட்டு வாங்க வருகிறவர்களிடம் மறக்காமல் ஒன்றைச் சொல்லி அனுப்புவாள்: "ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டு வைங்க." கேட்காதவர்கள் ஈறு புண்ணாகித் திரும்பி வந்து அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் வாயில் பல் இல்லாதபோது பல்செட்டக்காவிடம் வாயைக் கொடுக்க முடியுமா?

கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் வேலை இருக்கிறது என்றாள். உண்மையாகவே வேலை இருந்தது. ஒரு கட்டத்தில் கேட்பவர்களே ஓய்ந்துபோனார்கள். அவளுக்கென்று இருந்தது அம்மாவும், ஒரே தங்கை சின்னவளும், சின்னவளின் ஒரே மகளும்தான். பெரியம்மா, பெரியம்மா என்று காலைச் சுற்றியே வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அம்மாவின் இரண்டு கைகளிலும் யானைத் தந்தத்தில் செய்த வளையல் ஒவ்வொன்று கிடந்தது. கட்டைவிரல் அகலம், பழுத்துப்போன வெண்ணெய் நிறம். எத்தனை தலைமுறை கண்டது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் சோப்பு போட்டு ஏற்றிவிட்டது. பிறகு கை பருத்துவிட்டதால் இறங்கவே இல்லை. அதில் அம்மாவுக்கு ஏகப் பெருமை. திருடன் வந்தால்கூட என் கையையும் சேர்த்துத்தான் கொண்டுபோகணும் என்பாள். பாத்திரம் கழுவும்போது அது விளிம்பில் இடிக்கிற சத்தத்தை வைத்தே அம்மா என்ன மனநிலையில் இருக்கிறாள் என்று பெண்கள் இரண்டு பேரும் கணக்குப் போடுவார்கள்.

கடைசியில் வியாதி வந்து அம்மா கரைந்தாள். ஒரு நாள் மருத்துவமனைப் படுக்கையில் வலது கை வளையல் தானாகவே நழுவிப் போர்வையில் விழுந்தது. மறுநாள் இடது கையும் விட்டுக்கொடுத்தது. பல்செட்டக்கா அம்மா செத்தபோது அழுததைவிட அந்த வளையல் விழுந்தபோதுதான் அதிகம் அழுதாள். "உன்கிட்ட இருக்கட்டும், நீதான் பத்திரமா வெப்ப" என்று அம்மா படுக்கையில் இருந்தபடியே அவற்றை அவளிடம் கொடுத்தாள். தந்தத்தில் செய்த மணிமாலை ஏற்கெனவே சின்னவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. வளையல் நாளைக்குப் பேத்தி கைக்குத்தான் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்தத் தெரிந்த விஷயத்தில்தான் பல்செட்டக்கா கல்லைத் தூக்கிப் போட்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அழுக்கு எடுத்து வைக்கலாமே என்று வளையல்களை வேலையிடத்துக்குக் கொண்டுபோயிருந்தாள். பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கின் கீழே வைத்து, பல்செட்டு கழுவுகிற மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தாள். அழுக்கு போகப் போக விளிம்பில் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. உள்பக்கம் திருப்பினாள். கை நுழைகிற அந்த வட்டத்தைப் பார்த்ததும் பிரஷ் நின்றது. பல்லின் படத்தைச் சுவரில் மாட்டிவைத்து அதன் எதிரில் உட்கார்ந்தே நரைத்தவள் அவள். பல்லுக்குள் ரத்தமும் நரம்பும் ஓடுகிற குழியைப் பார்த்தால் தெரியாதா? யாரோ ஒருவர் தந்தத்தைக் குறுக்கே அறுத்து, அந்தக் குழியைக் கொஞ்சம் செதுக்கிப் பெரிதாக்கி, வளையல் என்று பெயர் வைத்திருக்கிறார். அம்மா வாழ்நாளெல்லாம் கையை விட்டிருந்தது அதற்குள்தான்.

தந்தம் எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்குப் புதிய செய்தி இல்லைதான். தெரிந்திருப்பது வேறு, கண்ணுக்கு முன்னால் வந்து நிற்பது வேறு.

என்ன செய்வது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். பழம்பொருள் கடைக்காரர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் விசாரித்தாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டப்படி விற்கக் கூடாது, ஆனால் பின்வாசல் வழியாக வாருங்கள் என்றார். அவள் முன்வாசல் வழியாகவே திரும்பி வந்தாள். பீரோவில் பூட்டி வைத்தால் அவளுக்குப் பிறகு அது சின்னவள் மகள் கைக்குப் போகும், அங்கிருந்து அவள் மகள் கைக்கு. ஒவ்வொரு கையாக அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். என்னோடு நிற்கட்டும் என்று முடிவு கட்டினாள். அருங்காட்சியகத்துக்குப் போய்க் கேட்டாள். அங்கே பொறுப்பில் இருந்த அம்மாள், தாராளமாகக் கொடுங்கள், தந்தம் கடத்துகிறவர்களைப் பிடிக்கும் அதிகாரிகளுக்கு அசல் எது, போலி எது என்று தொட்டுக் காட்டிப் பழக்க எங்களுக்கு உண்மையான பொருள் தேவைப்படுகிறது என்றார். அது பல்செட்டக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டாள்.

தங்கையிடம் சொன்னபோது வீடு இரண்டுபட்டது. சின்னவள் அழுதாள், அம்மா படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அழுதாள், பிறகு அழுகையை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு நின்றாள். செத்துப்போன யானை உயிரோடு வரப்போகிறதா என்று கேட்டாள். வராது என்றாள் அக்கா. அப்புறம் என்ன என்றாள். அப்புறமும் கொடுக்கத்தான் போகிறேன் என்றாள் அக்கா. இவள் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி என்பது சின்னவளுக்குத் தெரியும்.

"அவ கல்யாணத்துல அம்மா கையில கிடந்தது இருக்கணும்கா. இதக் குடுத்துட்டேன்னா நீ என் வீட்டு வாசப்படி ஏறாத."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதே யோசனைதான். அம்மாவும் போய்விட்டாள், இனி இவளும் இல்லையென்றால் தனக்கு யார்? பின்வாங்கலாமா என்றுகூட நினைத்தாள். அந்தக் குழி கண்ணில் நின்றது. பின்வாங்கவில்லை.

சனிக்கிழமை சின்னவள் மகளோடு தானாகவே வந்தாள். முகத்தில் சிரிப்பு. கொடுப்பதற்கு முன்னால் பிள்ளை ஒரு தடவை பார்க்கட்டுமே என்றாள். அக்காவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வளையல்களை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, டீ போட அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தபோது குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே வந்த பெண்ணின் வலது கையில், மணிக்கட்டு சிவந்து கன்றியிருக்க, பாட்டியின் வளையல் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. சோப்பு வாசனை அடித்தது.

சின்னவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மாவுக்கு ஒரு தடவை ஏறியது சாகிறவரை இறங்கவில்லை. இதுவும் இறங்காது. கையோடு சேர்த்தா அருங்காட்சியகத்தில் கொடுப்பாள்? அதுதான் அவள் போட்ட திட்டம். அந்த அம்மாவுக்குப் பிறந்தவளுக்கு மட்டும்தான் இப்படி ஒரு யோசனை தோன்றும்.

பல்செட்டக்கா கத்தவில்லை. பெண்ணின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். அங்கேயே சோப்பும் எண்ணெயும் போட்டு இழுத்துப் பார்த்தாள். வலியில் பெண் உதட்டைக் கடித்தாளே தவிர வளையல் அசையவில்லை. சின்னவள், விடுக்கா, பழகிவிடும் என்று மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"விரல் மரத்துப்போனா பிடிவாதம் பிடிக்காத," என்றாள் அக்கா. "நேரா என்கிட்ட கூட்டிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை காலை விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றார்கள். கை வீங்கி, விரல்கள் நீலம் பாய்ந்து, மடக்க முடியாமல் இருந்தன. சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. பெரிய மருத்துவமனைக்குப் போகலாம் என்றால் அது ஊரின் மறுகோடி. "பெரியம்மா, நீங்களே எடுத்துடுங்க," என்றாள் பெண். அக்கா சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள். கிளினிக்கின் பின்கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பெண்ணின் கையை வேலை மேசையில் துணி விரித்துக் கிடத்தினாள்.

பல்செட்டு ராவுகிற கை மோட்டாரில் காகிதம் போல மெல்லிய வெட்டுத் தகட்டை மாட்டினாள். வளையலுக்கும் தோலுக்கும் நடுவில் ஓர் இரும்புத் தகட்டை மெதுவாக நெளித்து நுழைத்தாள். சூடு ஏறாமல் இருக்க ஒருவர் தண்ணீர் சொட்ட வேண்டும். தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சைச் சின்னவளிடம் நீட்டினாள். சின்னவளுக்கு மோட்டார் சத்தம் என்றாலே ஆகாது. போன வருடம் முன்னறை நாற்காலியில் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தபோது அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அலறிய அலறலை மருத்துவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். முகமூடியைக் கட்டிக்கொண்டு தங்கைக்கும் ஒன்று நீட்டினாள் அக்கா. சின்னவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மோட்டார் ஓடியது. அம்மாவின் வளையலில் தகடு பட்ட நொடியில் அக்காவுக்குத் தன் மேலேயே கத்தி வைத்தது மாதிரி இருந்தது. கை மட்டும் கோடு பிசகாமல் நகர்ந்தது. அந்தக் கைக்குப் பிசகத் தெரியாது. வெள்ளைத் தூள் தண்ணீரோடு குழைந்து வழிந்தது. பாதி அறுத்திருக்கும்போது சின்னவளின் சிரிஞ்சு நின்றுவிட்டது.

"தண்ணி," என்றாள் அக்கா.

சின்னவள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். கருகின நகம் போல ஒரு நாற்றம் அறை முழுக்கப் பரவியிருந்தது. அது அவளுக்குத் தெரிந்த நாற்றம். தன் வாய்க்குள்ளிருந்தே கிளம்பி அவள் மூக்கில் ஏறிய நாற்றம்.

"அக்கா, இது அன்னைக்கு என் பல்லைக் குடைஞ்சப்ப வந்த வாசனை."

"பல்லுதானடி இதுவும். தண்ணி விடு, பிள்ளைக்குச் சுடும்."

சின்னவள் தண்ணீர் விட்டாள். ஒரு பக்கம் அறுந்தது. தந்தம் வளைந்துகொடுக்காது என்பதால் எதிர்ப்பக்கமும் அறுக்க வேண்டியிருந்தது. மோட்டாரை நிறுத்தி அக்கா தகட்டை மாற்றிக்கொண்டிருந்த இடைவெளியில் சின்னவள் கேட்டாள்.

"மரத்துப்போக ஊசி போட்டுமே நான் அந்தக் கத்து கத்தினேன். அதுக்கு எப்படி இருந்திருக்கும்?"

"எந்த யானையும் நாற்காலியில உக்காந்து வாயத் திறந்து காட்டலடி," என்றாள் அக்கா. "கொன்னுட்டுத்தான் எடுத்திருப்பாங்க."

மறுபடி மோட்டாரை ஓட்டினாள். இரண்டாவது வெட்டும் விழுந்து, வளையல் இரண்டு துண்டாகத் துணியில் கிடந்தது. பெண் கையை உதறி, விரல்களை மடக்கிப் பார்த்து, வலியோடு சிரித்தாள். நிறம் திரும்ப ஆரம்பித்தது. சின்னவள் அந்தக் கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே அழுதாள். முன்பு அம்மா படத்தைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை வேறு, இது வேறு. அக்காவும் முகமூடியைக் கழற்றாமலே ஓரமாக நின்று அழுதாள்.

திங்கட்கிழமை அருங்காட்சியக வாசலில் சின்னவள் அவளுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். உள்ளே போனதும் அக்கா முழுதாக இருந்த வளையலையும் அறுத்ததன் இரண்டு துண்டுகளையும் மேசையில் வைத்தாள். சின்னவள் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் முடிந்திருந்த மணிமாலையை எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்தாள். அக்கா கேட்டே இராத பொருள் அது. வளையல் ஏன் அறுந்திருக்கிறது என்று அந்த அம்மாள் கேட்டபோது, "நான் பண்ணின வேலை," என்று சின்னவளே சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள், கல்யாணத்துக்குப் பிள்ளை கை வெறுமையாக இருக்கும் என்று ஆரம்பித்தாள். அக்கா திக்கென்று திரும்பினாள்.

"உன் பல்செட்டு பிளாஸ்டிக்குல ஒரு ஜோடி செஞ்சு குடுக்கா. பல்லு நிறத்துலயே. எல்லாருகிட்டயும் பெரியம்மா செஞ்சதுன்னு சொல்லிக்கிறோம்."

"வளையல் செஞ்சு எனக்குப் பழக்கமில்லடி. எப்படி வருமோ."

"எப்படி வேணா வரட்டும். கழட்ட வரணும், அது போதும்."

"வரும்," என்றாள் பல்செட்டக்கா. "ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டு வைக்கச் சொல்லு."

சின்னவள் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். அக்கா தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலையும் நடுவிரலையும் வளைத்து அளவு பார்த்தாள். மகளுக்கும் இதே கைதான். அதைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக வைத்துச் செய்வது என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டாள்.