புதன்கிழமைக் காவல்

காலையில் விழுப்புரத்தில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. கேட் அருகே யாரோ நிற்கிறார். கீழே, ‘இவரைத் தெரியுமா? உஷார்’ என்று ஒரு வரி. போனைக் கவிழ்த்து வைத்தேன். அடுப்பில் மனைவி மல்லாட்டை (எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) வேகவைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை வந்தாலே எனக்குத் திண்டிவனம்தான்.

சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு விதைக்கடையில் எனக்கு வேலை. மாடியில் வாடகை அறை. தெருவில் பட்டப்பகலில் இரண்டு வீடுகளின் பூட்டை உடைத்துவிட்டார்கள். உடனே, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஏழுமலை ஒரு காவல் குழுவைத் தொடங்கினார். என்னிடம் நல்ல கேமரா போன் இருந்தது, புதன்கிழமை விடுமுறையும் இருந்தது. ஆகவே புதன் மத்தியானம் என் பொறுப்பு. என் உடம்பைப் பார்த்தால் திருடனே பாவப்பட்டிருப்பான். இருந்தாலும் தெருவை மூன்று முறை சுற்றி, நாய்களை முறைத்துவிட்டு வருவேன்.

பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக ஊரெல்லாம் பேச்சு கிளம்பிய சமயம் அது. ஒரு புதன்கிழமை, வேகவைத்த மல்லாட்டைக் கூடையோடு ஒரு அம்மாள் விற்க வந்தார். புதுமுகம். வாசலில் நின்ற குழந்தையிடம் குனிந்து நாலு மல்லாட்டை கொடுத்தார். படம் எடுத்தேன். ‘புது ஆள். பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்கிறார். கவனம்’ என்று காவல் குழுவின் வாட்ஸப்பில் போட்டேன். அப்புறம் வாசனை விடவில்லை; நானே போய் ஒரு படி வாங்கினேன்.

“ஒலக்கூர்லேர்ந்து வர்றேன் தம்பி. நம்ம கொல்லையில வெளஞ்சது” என்று மேலே ஒரு கை அள்ளிப் போட்டார்.

போட்ட படத்தை அழித்திருக்கலாம். தோன்றவே இல்லை. மாடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன்.

அரை மணி நேரத்தில் அடுத்த தெருவில் சத்தம். ஓடினேன். கூட்டத்தின் நடுவே அவர் தரையில் கிடந்தார். உதடு கிழிந்திருந்தது. சுற்றி நின்றவர்களின் போன்களில் நான் எடுத்த படம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

“தோ, இந்தத் தம்பி எங்கிட்ட வாங்குச்சு. சொல்லு தம்பி!”

“ஆமா, வாங்கினேன்” என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு அடி விழுந்தது. ஏழுமலைதான் கூட்டத்தைப் பிளந்து வந்து, அவர்மேல் குனிந்து மறைத்துக்கொண்டார். போலீஸ் வரும்வரை நகரவில்லை.

மறுவாரம், ஏழுமலையும் நானும் தெருவில் நின்றிருந்தபோது அந்த அம்மாளின் மகன் பைக்கில் வந்தான்.

“அம்மாவுக்குக் கை ஒடஞ்சிபோச்சு. யாரு சார் போட்டோ எடுத்தது?”

ஏழுமலை என்னைப் பார்த்தார். “நான்தான்” என்றேன். அடிப்பான் என்று காத்து நின்றேன்.

“மல்லாட்ட வாங்குனதும் நீதானா?”

“ஆமா.”

“அம்மா உன்னையேதான் சொல்லிக்கினு இருக்குது. அந்தத் தம்பி ஒருத்தன்தான் எனக்காகப் பேசுனான்னு.”

பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். எனக்கு அழுகை வரவில்லை. கடைக்குப் போய் மூட்டை அடுக்கினேன். அதற்குப் பிறகும் வரவில்லை.

ஏழுமலை குழுவைக் கலைத்துவிட்டார். சேதி எப்படியோ பரவி, கூடைக்காரர்கள் எங்கள் தெருவுக்குள் வருவது நின்றது. கீரை, கோலமாவு, உப்பு என்று ஒவ்வொரு குரலாக ஓய்ந்தது. முதல் சில நாட்கள் பெண்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள்.