கண்டக்டர் சாப்பிட்டாரா?

அறுபத்து நாலாம் வருஷம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் விமலநாதனைப் பற்றி இரண்டு கட்சி இருந்தது. காலை வண்டியில் போகிறவர்கள் அவரைத் தங்கமான மனுஷன் என்றார்கள். சாயங்காலம் ஐந்து மணி வண்டியில் அனந்தபுரம் போகிறவர்கள் சொன்னதை எழுத முடியாது.

வாத்தியார் சுந்தரமூர்த்தியின் குடை பக்கத்து சீட்டில் சாய்ந்திருந்தது என்று அதற்கு அரை டிக்கெட் கேட்டவர் அவர். கத்தரிக்காய் விற்றுவிட்டுத் திரும்பும் பவுனம்மாளின் காலிக் கூடைக்கு லக்கேஜ் போட்டார். "கூடையில ஒண்ணுமே இல்லியே" என்றாள் அவள். "அந்த ஒண்ணுமில்லாததுக்குத்தான் டிக்கெட்" என்றார். தன் மேல் தப்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. காலையில் யாரிடமும் வம்பு வருவதில்லை, ஆகவே கோளாறு அனந்தபுரத்துக்காரர்களிடம்தான் என்று முடிவு கட்டியிருந்தார்.

நாலாவது புகார்க் கடிதம் வந்த அன்று முதலாளி கோதண்டராமன் கூப்பிட்டனுப்பினார். "இன்னொரு கடுதாசி வந்துச்சின்னா பையையும் விசிலையும் மேசைமேல வச்சிட்டுப் போயிடு" என்றார். விமலநாதனுக்கு நிலம் நீச்சு கிடையாது, வேறு வேலையும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த விசிலின் மேல் அவருக்கு உயிர்.

உண்மையான சங்கதி வேறு. விமலநாதன் ஜைனர், ஊர்வழக்கில் நயினார்; பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டார். மனைவி ராஜமதி தினமும் தூக்குவாளியில் புளிச்சோறு கட்டிக் கொடுப்பாள். ஐந்து மணிக்குள் சாப்பிட்டால் உண்டு. வண்டி திரும்பும்போது ஏழாகிவிடும். ஆனால் ஐந்துக்கு முன்னால் பஸ்ஸைச் சுற்றி நாற்பது பேர் நிற்பார்களே. அத்தனை கண்ணும் படச் சோறு தின்பதா? "சாப்டியா கண்டக்டரே" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் "ஆச்சி" என்பார். கேட்பதும் மரியாதை, ஆச்சி என்பதும் மரியாதை. சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். புளிச்சோறு பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போயிற்று. "உங்கள விட அந்த மாடு தெம்பா இருக்குது" என்று ராஜமதி சொல்லிப் பார்த்தாள். காதில் ஏறவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள், நாலரை மணிக்கு டயர் பஞ்சர். வண்டி ஷெட்டுக்குப் போனது. அங்கே அவரையும் டிரைவர் செபாஸ்தியானையும் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. விமலநாதன் வாளியைத் திறந்து வழித்துச் சாப்பிட்டார்.

அன்று தாமதமாகப் புறப்பட்ட வண்டியில் பவுனம்மாளின் கூடையைத் தானே டாப்பில் ஏற்றினார். வாத்தியாரின் குடையை மாட்ட ஒரு கொக்கி தேடினார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த செபாஸ்தியான், "இன்னா நயினாரே, உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றார்.

விமலநாதன் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அதே ஜனங்கள், அதே கூடை, அதே குடை. மாறியிருந்தது அவர் வயிறு ஒன்றுதான். ஊரார் மேல் விழுந்ததெல்லாம் தன் பசிதான் என்று புரிந்தபோது கூனிக் குறுகிப்போனார்.

புரிந்தால் மட்டும் போதுமா? மறுநாள் பவுனம்மாள் "சாப்டியா கண்டக்டரே" என்றதும் "ஆச்சி" நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கஷ்டப்பட்டு அதை விழுங்கினார்.

"இல்லக்கா. பசிக்குது."

"அத்த சொல்றதுக்கு இன்னா கூச்சம்? பொழுது சாயறதுக்குள்ள துன்னுட்டு வா" என்ற பவுனம்மாள், பஸ்ஸுக்குள் திரும்பி ஒரு அதட்டல் போட்டாள். "எல்லாரும் மலைப்பக்கம் திரும்புங்க. கண்டக்டர் சாப்புடுறாரு, கண்ணு படப்போவுது."

நாற்பது தலையும் ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்துத் திரும்பின. வாத்தியார் கீழே இறங்கிவந்து குடையை விரித்து மறைப்புப் பிடித்தார். அரை டிக்கெட் கேட்ட குடை. விமலநாதன் வாளியைத் திறந்தார். அன்று முதல் தினமும் ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அனந்தபுரம் வண்டி மலையைப் பார்க்கும்.

மூன்று மாதம் கழித்து, சித்தாமூர் ஜைனர் கோயில் தேருக்கு இரண்டு நாள் லீவு போட்டுத் திரும்பியவரை முதலாளி கூப்பிட்டார். மேசையில் ஐந்தாவது கடிதம். விமலநாதன் விசிலைக் கழற்றப் போனார்.

"மொதல்ல படி" என்றார் முதலாளி.

வாத்தியாரின் கையெழுத்து, அடியில் பவுனம்மாளின் கைநாட்டு. 'இரண்டு நாளாக மாற்று கண்டக்டர் காலிக் கூடைக்கு லக்கேஜ் கேட்கிறார். அவர் சாப்பிட்டாரா என்று விசாரித்து அனுப்பவும். அல்லது எங்கள் கண்டக்டரையே அனுப்பவும்.'

'எங்கள்' என்ற இடத்தைத் தாண்டி அவரால் படிக்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நீ சாப்டியா?"

"இன்னும் இல்ல மொதலாளி" என்று விமலநாதன் வாளியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தார். அங்கே எல்லாத் தலையும் ஏற்கெனவே மலைப்பக்கம் திரும்பியிருந்தது.