பெரியப்பா தரையில் உட்கார்ந்தது

அதிகாரம் மூன்றாகப் பிரிந்திருக்க வேண்டும் என்று ஏழாம் வகுப்பில் டீச்சர் சொல்லித்தந்த அதே வாரத்தில்தான் அப்பாவின் வலை பிடிபட்டது.

சட்டம் போடுவது சட்டமன்றம், நடத்துவது அரசு, தீர்ப்புச் சொல்வது நீதிமன்றம். அரசியலமைப்பில் அப்படித்தான் இருக்கிறதாம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. கண்ணில் பட்டதையெல்லாம் மூன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மூன்றும் அம்மாதான்.

பழவேற்காடு ஏரியோரம் எங்கள் ஊர். மீன் படும் இடத்தில் யார் என்றைக்கு வலை இறக்குவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் ஏரியில் இறங்கமாட்டார்கள். எல்லோர் முறையும் ஒரு நாள் தள்ளிப்போகும். ரேஷன் கார்டு விஷயமாகத் திருவள்ளூர் போன அப்பா அங்கேயே தங்கிவிட்ட அன்று ஒரு சாவு. மறுநாள் விடியலில் வந்தவர், வீட்டுக்குக்கூட வராமல் நேரே படகேறி, தன் முறை என்று நினைத்து அடுத்தவர் முறையில் வலையை இறக்கிவிட்டார்.

அந்த வருஷம் ஊர்த்தலைவர் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். முறை தவறினால் அடுத்த பாடு கிடையாது என்று விதி போட்டவர் அவர். தம்பியின் வலையை இழுத்துக் கரையில் போட்டவரும் அவர். சாயங்காலம் கோயில் முன்னால் விசாரிக்க உட்கார்ந்தவரும் அவரே. அடுத்த பாடு போனால் எங்கள் வீட்டில் ஒரு மாதம் அரைவயிறுதான்.

பெண்கள் ஒதுங்கி நின்ற இடத்திலிருந்து நான் கேட்டேன்.

"இன்னா பெரிப்பா, ரூல் போட்டதும் நீயி, புடிச்சதும் நீயி. தீர்ப்பும் நீயே சொல்லுவியா?"

"வக்கீலம்மா வந்துட்டாங்கப்பா, வழி உடுங்க!" என்று ஒரு மாமா கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அம்மா என் கையைக் கிள்ளினாள்.

பெரியப்பா சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பாப்பா கேக்கறது சரிதான். நான் அப்பால குந்திக்கிறேன். நீங்க நாலு பேரு பேசிக்கினு சொல்லுங்க."

போய் அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

தெரியாமல் செய்தது என்றார் ஒருவர். தலைவர் தம்பிக்குச் சலுகையா என்றார் இன்னொருவர். கடைசியில், அடுத்த பாடு கிடையாது என்றே முடிந்தது. பெரியப்பாவிடமே விட்டிருந்தால் மன்னித்திருப்பார் என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு டீச்சர்மேல் கோபம். மூன்றாகப் பிரித்தும் தோற்றது நாங்கள்தானே?

இப்போது என் மகன் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். செய்தான் என்று எழுதக் கை வரவில்லை. முந்தாநாள் அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. அவன் மீறியதாகச் சொல்லும் விதியை எழுதியவர், அவன்மீது புகார் கொடுத்தவர், திங்கட்கிழமை அவனை விசாரிக்கப் போகிறவர், எல்லாம் ஒரே ஆள். 

நான் கேட்டதால்தான் பெரியப்பா எழுந்தார் என்று வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கேட்டால் எழுந்துவிடுவார்கள் என்று நினைக்கிற வயது அது.