டாக்டரின் கடைசிக் கேள்வி

எங்கள் கரையில் சங்கு குளிக்கிறவரின் கயிற்றை அவருடைய மச்சான்தான் பிடிப்பார். மனைவியோடு கூடப்பிறந்தவன் தங்கச்சி தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. என் வீட்டுக்காரர் குளியாள். என் அண்ணன் அவருக்குக் கயிறு பிடிக்கிறவர். அடியில் மூச்சு முட்டியதும் இவர் இடுப்புக் கயிற்றை ஆட்டுவார், அண்ணன் மேலே இழுத்துவிடுவார். பதினாறு வருஷம் அப்படித்தான் நடந்தது.

புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த சமயம், அண்ணனின் வலது கை தானாக ஆடத் தொடங்கியது. சும்மா மடியில் வைத்திருந்தாலும் ஆடும். நடையும் சிறுத்துப்போனது. முகத்தில் சிரிப்பு வருவதற்கு நேரமாகும். அண்ணிகாரி போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அவர் எங்களோடுதான் இருந்தார்.

வள்ளத்தில் கேலி பேசினார்கள். "அண்ணாச்சி, கயித்த ஆட்டுதது கீழ உள்ளவனா, மேல உள்ள நீரா? ஒண்ணும் வெளங்கலியே!"

என் வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்க மாட்டார். "ஏலே, எங்க மச்சான் கை ஆடுனாலும் கயித்த விடாது. நீ ஒம் பொண்டாட்டி சேலையப் பிடிச்சிட்டுத் தூங்குதவன், ஒனக்கு என்னல தெரியும்?"

ஆனாலும் வேறு ஆளை நம்பி இறங்க அவருக்கு மனசில்லை. "டாக்டர்ட்ட காட்டிட்டு வா. கை நின்னாப் போதும்" என்றார். அவர் தொழிலுக்குப் போகாவிட்டால் எங்களுக்குச் சோறில்லை. அதனால் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் எட்டாவது வரை படித்தவள். வெளியாட்கள் ஏதாவது கேட்டால் பேச வாய் வராது. டாக்டர் எதிரே முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு ஒரு அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கும்மா. ஆனா இந்த வியாதிக்காரங்க சில பேருக்குப் புத்தியும் மங்கும். அப்படி இருந்தா இந்த மாத்திரை குழப்பத்தைக் கூட்டிடும். அதான் சில கேள்வி கேக்கப்போறேன்" என்றார்.

என்ன கிழமை, என்ன மாசம், எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்? அண்ணன் நிதானமாகச் சொன்னார். இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னதும் மளமளவென்று எண்ணிவிட்டார். குளியாள் உள்ளே போனதிலிருந்து எண்ணிக்கொண்டே இருப்பது அவர் வேலை, அதில் தப்பு வராது. டாக்டர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களும் ஒரே பக்கமாகக் குவிந்து கிடந்தன.

"நான் கடிகாரம் பாத்து வேல செஞ்சவன் இல்ல, ஐயா."

டாக்டர் சிரித்துவிட்டார். அந்தக் கோணல் படம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

கடைசியாக என்னிடம் திரும்பினார். "கூட இருக்கிறது நீங்கதானே? இல்லாத ஆள் யாரையாவது இருக்கிறதா நினைச்சுப் பேசுறாரா?"

"இல்ல, ஐயா" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் அம்மை வார்த்துப் போயின. ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு முந்தின நவம்பரில், செத்தவர்களுக்காகச் செபிக்கிற ஆத்துமாக்கள் மாதத்தில், அண்ணன் தண்ணீர்ப் பானைப் பக்கம் பார்த்து, "ஏளா, ரெண்டு பிள்ளைய இங்கன உக்காந்திருக்கு, சோறு வையி" என்றார். என் பிள்ளைகள்தான் என்று எனக்குப் பட்டது. மெழுகுவர்த்தி கொளுத்தினேன், கோயிலில் பூசை வைத்தேன். அதிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவர்கள் வருவார்கள். அண்ணன் பேசுவார், நான் பக்கத்தில் நின்று கேட்பேன். என் பிள்ளைகளை இல்லாத ஆட்கள் என்று நான் எப்படி நினைப்பேன்? அது கோயில் காரியம், ஆஸ்பத்திரியில் சொல்கிற காரியம் இல்லை என்றுதான் இருந்தேன்.

ஆனால் வெட்கமும் இருந்தது. அந்தக் கேள்வியில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு ஒரு நொடி தட்டியது. ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மூன்றே வாரத்தில் கை நின்றது. என் வீட்டுக்காரர் அண்ணன் கையைப் பிடித்துப் பார்த்து, "மச்சான், இனிமே கயிறு என்ன, நீரு ஊசியில நூலே கோக்கலாம்" என்றார். பிள்ளைகள் தினமும் வரத் தொடங்கினார்கள். பிறகு பட்டப்பகலிலும் வந்தார்கள். பிறகு செத்துப்போன அண்ணியும் வந்தாள். மாத்திரை கூட்டிக்கொண்டு வந்தது என்று நான் நினைக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததை வள்ளத்தில் இருந்தவர்கள்தான் சொன்னார்கள். காலை பத்து மணி, தெளிந்த தண்ணீர். என் வீட்டுக்காரர் ஏழாவது தடவையாக இறங்கினார். அண்ணன் எண்ணிக்கொண்டிருந்தார். நடுவில் எண்ணுவதை நிறுத்திவிட்டு, வள்ளத்தின் முன்பக்கம் பார்த்து லேசாகச் சிரித்தாராம். கயிறு கையிலிருந்து நழுவிக் கிடந்தது.

"அண்ணாச்சி, கயிறு ஆடுது, இழும்!"

"யார இழுக்கச் சொல்லுத? மாப்பிள்ள எப்பவோ ஏறிட்டாரு. அந்தா உக்காந்து தல தொவட்டுதாரு, பாரு."

அவரைத் தள்ளிவிட்டு மற்றவர்கள் இழுத்தார்கள். மேலே வந்தபோது இவர் மூக்கிலும் காதிலும் ரத்தம். கரைக்கு வரும் வழியிலேயே போய்விட்டார்.

கரையில் சிலர் அண்ணனை அடிக்கப் போனார்கள். அவருக்கு எதற்கு என்று புரியவில்லை. என் வீட்டுக்காரரைப் பெட்டியில் வைத்திருக்கும்போது என் காதருகே வந்து, "ஏளா, மாப்பிள்ள பசியா இருக்காரு, எல்லாரும் வந்துருக்காங்கன்னு அவர விட்டுட்டியே" என்றார். அண்ணனை வெறுக்க எனக்கு ஒரு வழியும் இருக்கவில்லை.

நாற்பது நாள் கழிந்து மறுபடியும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போனேன். அவர் என் வெறுங்கழுத்தைப் பார்த்தார். அதே அட்டையை எடுத்தார். கிழமை, மாசம், ஊர். இந்தத் தடவை அண்ணன் மாசத்தில் தடுமாறினார். இருபதிலிருந்து மட்டும் சரியாக எண்ணினார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இல்லாத ஆள் யாரையாவது..."

"பாக்காரு, ஐயா."

"யாரைம்மா?"

"எங்க வீட்டுக்காரர."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்பயிருந்து இப்படிப் பாக்குறாரு?" என்று கேட்டார். போன நவம்பரில் பானைப் பக்கம் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிலிருந்து தொடங்கினேன். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவர் தலை நிமிரவில்லை. அண்ணனின் கை மடியில் ஆடாமல் கிடந்தது. மாத்திரையை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார்.