குழந்தைவேலு வகையறா

காரைக்குடியில் எங்கள் தெருவில் ரவிக்கை தைக்க வேண்டுமென்றால் புஷ்பவள்ளி வீட்டுக்குத்தான் போவோம். அளவு ரவிக்கை கொண்டுபோகாவிட்டாலும் ஆளைப் பார்த்தே வெட்டிவிடுவாள். தீபாவளி நெருக்கத்தில் திட்டுவாள். திட்டிக்கொண்டே வாங்கியும் வைத்துக்கொள்வாள்.

அவளுடைய ஊர் கரட்டுப்பட்டி. சிங்கம்புணரி தாண்டி மலையடிவாரத்தில், அதற்கு மேல் போக வழியில்லாமல் பேருந்து திரும்புகிற இடம். ஊரைப் பற்றி யாராவது கேட்டால், "எங்கய்யா கொண்டாந்த தண்ணியக் குடிச்ச ஊரு" என்பாள். பெருமைக்காக இல்லை, அடையாளத்துக்கு.

அது உண்மைதான். அவள் மூன்றாம் வகுப்புப் படித்தபோது மழை பொய்த்த வருஷம் ஒன்று வந்தது. அதற்கு முந்திய மழையில் உருண்ட பாறை ஒன்று மலைமேலிருந்த சுனையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. ஊருணி வெடித்துப்போய் மாடுகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அப்பா குழந்தைவேலு கல்குவாரியில் வேலை பார்த்தவர். பாறையில் குழி போட்டு மருந்து கெட்டித்துத் திரியைக் கொளுத்தினார். திரி எரிந்தது, வெடிக்கவில்லை. என்னவென்று பார்க்கப் போய்க் குனிந்தார். அப்போது வெடித்தது. அவருக்குக் காரியம் செய்த தண்ணீர் அந்தச் சுனையிலிருந்து இறங்கிய தண்ணீர்.

அந்த ஆடியில் ஊர் கூடிப் பேசியது. கரட்டுப்பட்டியில் ஆடி மாதம் மலைமேல் சாமிக்குக் கிடா வெட்டுவார்கள். ஆண்கள் மட்டும் ஏறுவார்கள். அவர்களே உரித்து, அவர்களே ஆக்கி, அங்கேயே சாப்பிட்டு, மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு இறங்கவேண்டும். ஒரு துண்டுக் கறி வீட்டுக்கு வரக்கூடாது. மேலே நடந்ததைக் கீழே பேசவும் கூடாது. திருநீறு மட்டும் வரும். அந்தப் பந்தியில் முதல் இலை இனிமேல் குழந்தைவேலு வகையறாவுக்கு என்று முடிவானது. பூசாரி சுனைத் தண்ணீரை மொண்டு தெளித்து, "குழந்தைவேலு வகையறா" என்று முதல் பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு இலை விழும்.

வகையறா என்று சொல்ல அவருக்கு இருந்தது ஒரு பெண்பிள்ளை மட்டும். அவள் மலையேற முடியாது. அதனால் மாப்பிள்ளை பார்க்கும்போது புஷ்பவள்ளியின் அம்மா வேறு எதையும் பார்க்கவில்லை. சிவகங்கையிலிருந்து சர்க்கார் உத்தியோகத்தில் ஒருவர் பெண் கேட்டு வந்தார். வருஷா வருஷம் மலையேற லீவு கிடைக்காது என்று சிரித்தார். அந்த அம்மா காப்பியோடு அனுப்பிவிட்டது. அந்த அம்மாவின் அண்ணன் மகன் முத்தரசு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். "நான் இருக்குற மட்டும் அந்த எலை சும்மா கெடக்காது அத்தை" என்றார். தாலி கட்டச் சொன்னார்கள்.

காரைக்குடிக்குக் குடிவந்த பிறகும் முத்தரசு ஓர் ஆடி தவறியதில்லை. இறங்கி வந்து, மனைவி நெற்றியில் திருநீறு பூசி, "சொன்னாக" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் வெந்நீர் போட்டு வைத்துக் காத்திருப்பாள். அம்மா செத்த பிறகும் அப்படித்தான்.

போன வைகாசியில் ஒருநாள் பக்கத்து வீட்டு ஆபிதா, மகள் சனாவின் சுடிதாரைக் கொடுக்க வந்தவள், கையில் செல்போனோடு வந்தாள்.

"புஷ்பக்கா, இங்குட்டு வாங்க. ஒங்க ஊர ஒருத்தன் யூடியூப்புல போட்டிருக்கான்."

"எங்க ஊருக்கா? பஸ்ஸே வரமாட்டேங்குது, இவன் எப்படி வந்தான்?"

மதுரைப் பையன் ஒருவன் மலையோர ஊர்களின் உண்மைக் கதைகள் என்று வாரம் ஓர் ஊரைப் போடுகிறானாம். முந்தின ஆடியில் எடுத்தது. ஆண்கள் வரிசையாக ஏறினார்கள். சுனை வந்தது. புஷ்பவள்ளி அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"இம்புட்டூண்டுதானா இருக்கு?" என்றாள். ஆபிதாவின் கையிலிருந்த போனைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

பூசாரி தண்ணீரை மொண்டார். தெளித்தார். "தண்டாயுதபாணி வகையறா" என்றார்.

தண்டாயுதபாணி அந்த ஊரில் அரிசி ஆலை வைத்திருப்பவர். மலைக்குப் படி கட்டிக்கொடுத்தவர். மாலையோடு வந்து முதல் இலையில் உட்கார்ந்தார். பையன் மைக்கை நீட்டி, இந்தச் சுனையைத் திறந்தது யார் என்று கேட்டான். கூட்டத்திலிருந்து ஓர் ஆளை முன்னே தள்ளினார்கள். பேசத் தெரிந்த ஆள் என்று தள்ளியிருப்பார்கள். அது முத்தரசு.

"இவுக அய்யாதான்" என்று தண்டாயுதபாணியைக் காட்டினார். "பஞ்சத்துல வெடி வச்சுத் தெறந்தாக. அதுலயே உசுர விட்டாக."

தண்டாயுதபாணியின் அய்யா பேரன் பேத்தி எடுத்து, கட்டிலில் படுத்து, பால் குடித்துச் செத்தவர். அந்தக் கேதத்துக்குப் புஷ்பவள்ளியே போயிருக்கிறாள்.

"பேசுறது நம்ம அண்ணன்ல?" என்றாள் ஆபிதா. பிறகு குரலைத் தாழ்த்தி, "நிப்பாட்டிரவாக்கா?" என்றாள்.

"ஓடட்டும். முழுசும் பாப்போம்."

மத்தியானம் முத்தரசு சாப்பிட வந்தார். சோறு போட்டு, சாம்பார் ஊற்றிவிட்டு, "போன ஆடியில யாரு பேரு சொன்னாக?" என்று கேட்டாள்.

"எப்பவும் போலத்தான். ஏன்?"

அவள் தன் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள். பிசைந்த கையோடு அவர் பார்த்தார். முடிந்ததும், "இத யாரு ஒனக்குக் காட்டுனா?" என்றார்.

"அதான் ஒங்களுக்கு வெசனமா?"

"புஷ்பம், நான் சொல்றதக் கேளு. நம்ம பய கார்மேகம் படிச்சிட்டு வீட்டுல கெடந்தத நீதான பாத்த. தண்டாயுதபாணியோட தம்பிதான் சிங்கப்பூருக்கு எடுத்தாரு. அதுக்கு அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. இப்பக் கொழாய்த் தண்ணி வந்திருச்சு. சுனைத் தண்ணிய எவன் குடிக்கிறான்?"

"பேரத்தான கேட்டாக? குடுத்தீக. எங்கய்யா சாவையும் சேத்து ஏன் குடுத்தீக?"

"மைக்க நீட்டிட்டான். பக்கத்துல அவரு நிக்கிறாரு. என்ன சொல்லச் சொல்ற?"

அவராகவே மேலும் சொன்னார். "ஒங்கம்மா உசுரோட இருக்குற மட்டும் நான் சம்மதிக்கல. அத்தைக்குக் குடுத்த வாக்கு. அது கண்ண மூடுன பெறகுதான் சரின்னேன்."

"அப்ப நான் யாரு மச்சான்?"

அவர் சாம்பார்ச் சோற்றை ஒதுக்கினார். "ரசம் இருக்கா?" என்றார். ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து கார்மேகம் வீடியோ காலில் வந்தான். முந்தின ஆடிக்கு லீவில் வந்து அப்பாவோடு மலையேறியவன்தான்.

"மேல யாரு பேரு சொன்னாகன்னு ஒனக்குத் தெரியுமாடா?"

அவன் காதை மூடிய ஹெட்போனைச் சரிசெய்துகொண்டான். "அப்பா சொல்ல வேணாம்னாக. மேல நடக்குறதக் கீழ சொல்லக்கூடாதுல்லம்மா. அப்பா எனக்காகத்தான..."

"சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

மகனுக்காகத்தான். அதை அவள் மறுக்கவில்லை. வீட்டு மாடிக்குப் போட்ட தளம், அவள் காதில் கிடந்த தோடு எல்லாம் அந்தச் சம்பளத்தில் வந்தவை. அதனால்தான் என்ன செய்வதென்று இரண்டு நாள் யோசித்தாள். அவளிடம் கேட்டிருந்தால் ஒருவேளை அவளே சரி என்றிருக்கவும் கூடும். யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் என்று அத்தனை ஆண்களும் கை கழுவிக்கொண்டு இறங்கி வந்து, கல்யாண வீடுகளில் அவளைப் பார்த்து "என்ன தாயி, நல்லா இருக்கியா?" என்று விசாரித்திருக்கிறார்கள்.

இந்த ஆடி வந்தது. "பேசாம நீங்களும் ஏறிருங்கக்கா" என்றாள் ஆபிதா.

"ஏறி? அவுக கறி திங்குறத நான் போயிப் பாக்கணுமா? எறங்கித்தான ஆகணும்."

முத்தரசுக்குத் தெரியாமல், மத்தியானப் பேருந்தில் கரட்டுப்பட்டிக்குப் போனாள். மலைப்பாதை வந்து முடிகிற இடத்தில், ஊருணிக் கரையில் உட்கார்ந்தாள். வெயில் சாயும் நேரத்தில் ஆண்கள் இறங்கினார்கள். முதலில் சேவுகப்பெருமாள். அப்பாவோடு குவாரியில் வேலை பார்த்தவர். வெடித்த அன்றைக்கு அப்பாவைக் கட்டிலில் வைத்து இறக்கிக்கொண்டு வந்தவர்களில் ஒருவர்.

"பெரியப்பா, மேல யாரு பேரு சொன்னாக?"

"ஏ தாயி, எப்ப வந்த? வெயில்ல உக்காந்திருக்கியே."

"வெயிலுதான். யாரு பேரு சொன்னாக?"

"ஒங்கய்யன் பேரு எங்க மனசுல இருக்கு ஆத்தா."

"மனசுல இருந்தா வாயில வரும்ல பெரியப்பா. கறிக்கு மட்டுந்தான் அது தெறக்குமா?"

பின்னால் வந்த ஒருவன் சிரித்துவிட்டான். அவனையும் கேட்டாள்.

"மேல நடந்ததச் சொல்லக்கூடாதுக்கா. வழக்கம்."

"யூடியூப்புல சொல்லலாமா தம்பி?"

ஒவ்வொருவரையும் முறை சொல்லி நிறுத்தினாள். அண்ணன், சித்தப்பா, மாமா. குரலை உயர்த்தவில்லை. சிலர் செருப்பைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருவர் ஊருணியைச் சுற்றிக்கொண்டு போனார். தண்டாயுதபாணி மட்டும் நின்று பதில் சொன்னார்.

"நம்ம வகையறாதாம்மா. ஊரு கூடி எடுத்த முடிவு."

"ஒங்கய்யா நல்ல மனுசன். நிம்மதியாக் கட்டில்ல செத்தாக. அவுகளப் போயி வெடியில சாகடிச்சிட்டீகளே."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கடைசியாக முத்தரசு வந்தார். அவளைக் கண்டதும் நின்றார். முன்னால் போனவர்களும் திரும்பி நின்றார்கள்.

"மச்சான், யாரு பேரு சொன்னாக?"

திருநீற்றுப் பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டார். "தண்டாயுதபாணி வகையறா" என்றார்.

"சரி."

அந்த நாளிலிருந்து அந்த வீட்டில் சண்டை இல்லை. சோறு இருந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது, மின்சாரம் கட்டவேண்டும் என்ற பேச்சு இருந்தது. அதற்குமேல் இல்லை. கார்மேகம் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றான். "அது ஒன் சோறு. அத ஏண்டா தட்டுற?" என்று அதட்டிவிட்டாள்.

கார்த்திகையில் பூசாரியும் சேவுகப்பெருமாளும் காரைக்குடிக்கு வந்தார்கள். தைத்த ரவிக்கைகளை அடுக்கியிருந்த நாற்காலிகளைக் காலிசெய்து கொடுத்தாள். காப்பி கொடுத்தாள்.

"ஊருல பேசிட்டோம் தாயி" என்றார் சேவுகப்பெருமாள். "பொம்பளையாளுக எல்லாம் எங்களக் கேக்க ஆரம்பிச்சிட்டாளுக. வர்ற ஆடியில ரெண்டு பேரையும் சொல்லிருவோம். மொதல்ல அவுக, அடுத்தாப்புல ஒங்கய்யா."

"அதான் மொறை" என்றார் முத்தரசு. அவள் இன்னும் வாயைத் திறந்திருக்கவில்லை.

அவள் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தாள். "வெடிக்கலன்னதும் போயிப் பாத்தப்ப எங்கய்யா ரெண்டாவது ஆளாவா பெரியப்பா போனாரு? நீங்க கூட இருந்தீகள்ல."

சேவுகப்பெருமாள் டம்ளரைத் தரையில் வைத்தார். "அப்பப் பேரே இல்லாமப் போயிருமே ஆத்தா."

"போகட்டும். பேரு இருக்கான்னு வருசா வருசம் யாரையும் கேட்டுக்கிட்டு நிக்க வேணாம்ல."

இன்னும் கொஞ்ச நேரம் இருந்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டு, அவர்கள் எழுந்தார்கள். அடுத்த ரவிக்கைக்கு அவள் துணியை விரித்தாள். டம்ளர்களை முத்தரசு எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார். இருபத்தைந்து வருஷத்தில் கழுவியதில்லை. அவள் தடுக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.